ஐந்தடி ஏழரை அங்குல மெழுகுவர்த்தியும் கேரியர் இல்லாத சைக்கிளும்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை

சர்வேசுரனுடைய கிருபையால் மஸ்கட்டில் ஏ.சி. அறையில் சுகமாக இருக்கும் என் ஒரே மகன் யேசுதாசுக்கும், அவனைச் சுகமாக இருக்க விட்டிருக்கும் மருமகள் டோரதிக்கும், அம்மா ஞானம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் நலத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது முறை, அதனால் கேட்டதாக வைத்துக்கொள்.

போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் அம்மா என்கிறாய். சரி, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால், அதை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் மகள் பிரிசில்லா சொல்லிவிட்டாள். அப்படி ஓடவிட்டால் என் குரல் கோழி கொத்துகிற மாதிரி இருக்குமாம். காகிதத்தை வேகமாக ஓடவிட முடியாது பார். பக்கத்து வீட்டு சந்திரம்மாவின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விமானம் ஏறி மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், ஆகவே அவருக்கு டீ கொடு.

விஷயம் வேண்டுதலைப் பற்றியது. எந்த வேண்டுதல் என்று கேட்காதே. உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. என் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அதனால் தலையில் நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது, எது விழுந்தாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஜூலை மாதம், பிரிசில்லாவுக்கு ஏழு வயது, காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் பிள்ளைக்கு இரண்டு காலும் விளங்காமல் போனது. கட்டிலில் இருந்து இறக்கி நிறுத்தினால் ஈரத் துணி மாதிரி மடிந்து விழுந்தாள். டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நீ வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றாய். டோரதி அழுதாள், அவள் எதற்கும் அழுவாள், ஆனால் அன்றைக்கு அழுததைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் அந்த ஆஸ்பத்திரி நடையில், பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, வேளாங்கண்ணி மாதாவிடம் வாய்விட்டு வேண்டினேன். "தாயே, இந்தக் கால் ரெண்டும் திரும்பி வந்துச்சுன்னா, இந்தப் பிள்ளை தானே சைக்கிள் மிதிச்சு, தன் உசரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியைத் தானே சுமந்துக்கிட்டு உன் வாசலுக்கு வரும்." அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரயிலில் வரும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சாண் மெழுகுவர்த்தி என்று சொல்லியிருக்கலாம். எவளாவது தேங்காய் உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பாள். எனக்கு மட்டும் சுருக்கமாக வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. மாதா கேட்டுவிட்டாள். நாற்பத்தோராம் நாள் பிள்ளை எழுந்து நின்றது. மறு கிறிஸ்துமசுக்குள் சின்ன சிவப்பு சைக்கிளில் இந்தத் தெருவையே இடித்துத் தள்ளியது.

அப்போது அவள் உயரம் மூன்றடி ஒன்பது அங்குலம். இதை நன்றாகப் படி. மூன்றடி ஒன்பது. அந்த வருஷமே போயிருந்தால் குடை அளவு மெழுகுவர்த்தி, நீ ஒரு பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கடைசி இரண்டு பர்லாங்கு மிதிக்கவிட்டிருந்தால் மாதா ஏற்றுக்கொண்டிருப்பாள். நீ என்ன சொன்னாய்? ஆபீசில் ஆடிட் என்றாய். அடுத்த வருஷம் லீவு இல்லை என்றாய், பிள்ளை நாலடி ஆனாள். இரண்டாயிரத்து ஆறில் டோரதியின் தங்கச்சிக்குக் கல்யாணம், செப்டம்பர் மாதத்தைத் தவிர வேறு மாதமே கிடைக்கவில்லை அந்தக் குடும்பத்துக்கு, நாலடி நாலு. பிறகு வீடு மாற்றினாய், நாலடி எட்டு. பிறகு மஸ்கட் போனாய், ஐந்தடி. பத்தாவது பரீட்சை என்றாய், பி.யூ.சி. என்றாய், இஞ்சினியரிங் என்றாய், அப்புறம் கொரோனா வந்து உனக்கு ரொம்ப உதவி செய்தது. இப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது, வைட்ஃபீல்டில் வேலை, ஐந்தடி ஏழரை அங்குலம். ஜனங்கள் தள்ளிப்போட்டால் வேண்டுதல் அப்படியே இருக்கும். நீ தள்ளிப்போட்டது தண்ணீர் ஊற்றின மாதிரி வளர்ந்துவிட்டது.

அக்டோபரில் அவள் அயர்லாந்து போகிறாள். எழுபத்தைந்து வயதில் நான் இன்னும் எத்தனை ஆகஸ்டு பார்ப்பேன்? அவள் அங்கேயிருந்து எப்போது வருவாள்? இந்த வேளாங்கண்ணித் திருவிழா விட்டால் விட்டதுதான். மாதாவிடம் வாங்கின காலோடு பிள்ளை கடல் தாண்டிப் போய்விடும், நான் சொன்ன சொல் என் கழுத்தோடு குழிக்குள் போகும். இதை ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். அவள் தட்டை வைத்துவிட்டு, "பாட்டி, அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? இந்த வருஷம் போயிட்டு வந்துடறேன். நம்ம கோயில் குரூப்போட, என் சைக்கிள்லயே" என்றாள். நானூறு கிலோமீட்டருக்கு மேல், நாலு நாள். நான் அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். ஒரு நாள். மறுநாள் அந்த சைக்கிளைச் சரியாகப் பார்த்தேன்.

அது இரண்டு வருஷமாக இவள் படுக்கும் அறையில் சுவரில் தொங்குகிறது. பாதிதான் வந்திருக்கிறது, மீதி சாமான் பிறகு வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானாம். மட்கார்டு இல்லை. ஸ்டாண்டு இல்லை, சுவரில் சாய்த்து வைத்துத் தாங்க வேண்டும், மாப்பிள்ளை மாதிரி. ஹேண்டில் கடா ஆட்டுக் கொம்பு போல் கீழே வளைந்திருக்கிறது. சீட்டு ஆப்பக் கரண்டி அகலம், அதனால் பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த நிக்கர் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். எடை எட்டு கிலோ. எல்லாவற்றுக்கும் மேலாக, கேரியர் இல்லை. சாமான் வைக்க இடமில்லாத வண்டியை இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவள் வாங்கியிருக்கிறாள்.

நான் மூட்டை கட்டி வைத்தேன். அதிகம் ஒன்றும் இல்லை. இரண்டு போர்வை, முறுக்கு டின், இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், தைலம், குடை, மாதாவுக்குச் சாத்த நீலப் பட்டுச் சேலை, எண்ணெய் வாங்கி வர நாலு காலி பாட்டில், டிபன் கேரியர், வெந்நீர் ஒத்தடப் பை. பிரிசில்லா தலையில் கைவைத்துக்கொண்டு, என்னையும் மூட்டையையும் ஆட்டோவில் ஏற்றி பிரேசர் டவுனில் சேஷகிரி கடைக்குக் கொண்டுபோனாள். சேஷகிரி விமான ஃபேக்டரியில் இஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன். இப்போது இந்த மாதிரி சைக்கிள்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறார். கொக்கி போட்ட ஒரு சின்னத் தராசை எப்போதும் கையில் வைத்திருக்கிறார். என் மூட்டையை அதில் மாட்டினார். தராசு கத்தியது.

"பதினோரு கிலோம்மா. நிம்ம பேத்தி என்ன, ஊரை காலி பண்ணிட்டுப் போறாளா?"

"நீ ஒரு கேரியர் மாட்டிக் குடு, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"கேரியர் மாட்ட இதுல ஓட்டையே இல்லையே."

"ஓட்டை போடு."

"கார்பன்மா. ஓட்டை போட்டா ஹோய்து, வண்டியே போச்சு."

"மண்சட்டியா அது?"

"மண்சட்டியாவது கீழ போட்டாத்தான் உடையும். இது கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சாலே விரிசல் விட்டுடும்."

எனக்கு டோரதி ஞாபகம் வந்தது. 

அதற்குப் பிறகு மூன்று வாரம் இந்த வீட்டில் பையைத் தவிர வேறு பேச்சு இல்லை. முதலில் முதுகில் மாட்டுகிற பை. இந்த சைக்கிளில் குனிந்துதான் உட்கார வேண்டும், பெருக்குகிறவள் மாதிரி. முதுகில் பை இருந்தால், ரோட்டைப் பார்க்கத் தலையைத் தூக்கும்போது பை ஹெல்மெட்டை முட்டித் தலையைக் கீழே தள்ளுகிறது. ஹோஸ்கோட்டே வரை போய்வந்தவள் இரண்டு நாள் கழுத்தைத் திருப்பாமல் என்னோடு பேசினாள், யாரோ என்னைப் பற்றிச் சொல்லிக் கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்தது ஹேண்டிலில் கட்டுகிற உருளைப் பை. அதில் நான் அவளுக்குத் தெரியாமல் இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் வைத்தேன். கனத்துக்கு ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பி, பிரேக் கம்பி பைக்கு அடியில் சிக்கி, நேராக இளநீர்க்காரன் குவியலில் போய் நின்றாள். இளநீர்க்காரன் கன்னடத்தில் திட்டினான், நான் தமிழில் திட்டினேன், இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. மூன்றாவதாக, சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பத்தில் கவ்விக்கொள்ளும் கேரியர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள். சேஷகிரி அதைத் தொடவே மாட்டேன் என்றார், அந்தக் கம்பமும் கார்பனாம். இவளே மாட்டினாள். அது போகப் போக மெதுவாகப் பக்கவாட்டில் சரிந்து, பை டயரில் உரசி, வீடு வந்து சேர்வதற்குள் டயர் பையையும் தின்று பைக்குள் இருந்த மழைக் கோட்டின் ஒரு கையையும் தின்றுவிட்டது.

நாலாவதாக வந்தது சீட்டுக்கு அடியில் மாட்டி, குளவியின் வால் மாதிரி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பை. சேஷகிரி முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். கனமானதை உள்ளே சீட்டுக் கம்பத்தை ஒட்டி வை, லேசானதை வெளியே வை, வாரை இறுக்கு, அப்போதுதான் வால் ஆடாது என்று பாடம் நடத்தினார். மொத்தம் இரண்டு கிலோதான் ஏற்றலாம். அதில் டியூப், பம்பு, ஸ்பானர் அரைக் கிலோ. மிச்சம் ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு பெண் நாலு நாள் வாழ வேண்டும். ஒரு மாற்றுத் துணி, துண்டு, சார்ஜர், மாத்திரை. டூத் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்துப் பாதியாக்கி, ஆறு கிராம் மிச்சம் என்று இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பையைப் பூட்டி, ஒரு கிலோ தொள்ளாயிரத்து எண்பது என்று சேஷகிரி படித்துச் சொல்லி, "முடிஞ்சுதும்மா" என்றார்.

"சரி, மெழுகுவர்த்தியை எங்க வைக்கிறது?" என்று கேட்டேன்.

"யாவ மெழுகுவர்த்தி?"

பிரிசில்லா அவரிடம் சொல்லவே இல்லை. என்னிடம், பாட்டி, ஒரு சின்னது வாங்கிக்கலாம் என்று பிறகு சமாதானம் பேசலாம் என்று மனதில் வைத்திருக்கிறாள். நான் வேண்டுதலை ஆதியோடந்தமாகச் சேஷகிரிக்குச் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனுஷன் பிராமணர், ஆனாலும் மாதா காரியம் என்றதும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "கிலோவுக்கு வழி இருக்கு. ஐந்தடிக்கு என்ன பண்ண?" என்றார்.

கோயில் வாசல் அப்பாதுரையிடம் செய்யக் கொடுத்தேன். அவர் பழைய முறைப்படி ஆளை நூலால் அளந்து, அதே நூலைத் திரியாகப் போட்டு வார்க்கிறவர், அவரிடம் ஏமாற்று கிடையாது. பிரிசில்லா கொண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கொண்டையையும் சேர்த்து அளக்கப் போனார். கொண்டைக்கு நான் வேண்டவில்லை, உச்சந்தலை வரைக்கும்தான் என்றேன். செருப்பையும் கழற்றச் சொன்னேன். இரண்டங்குலம் மிச்சமானது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மெழுகுவர்த்தி குறைந்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு விரல் பருமன், ஒன்றரைக் கிலோ எடை, சும்மா சொல்லக் கூடாது, பால் மாதிரி இருந்தது. அதைச் சைக்கிளின் நடுக் கம்பியோடு படுக்க வைத்துக் கட்டிப் பார்த்தோம், முழங்கால் இரண்டும் இடித்தது, முன்னால் காண்டாமிருகக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது, ஒரு ஆட்டோக்காரன் பயந்து எங்களுக்கு வழி விட்டான். பெங்களூரில் ஆட்டோக்காரன் வழி விட்டான் என்றால் நீயே யோசித்துக்கொள். கடைசியில் சேஷகிரி, தண்ணீர்க் குழாய் போடுகிற பிளாஸ்டிக் பைப்புக்குள் மெழுகுவர்த்தியை இறக்கி, அவள் முதுகில் இரண்டு வார் போட்டு, அம்புறாத்தூணி மாதிரி நட்டமாக நிற்கவைத்தார். போன வாரம் வியாழக்கிழமை, நம் தெருவிலேயே ஓட்டிப் பார்க்கட்டும் என்று நான்தான் சொன்னேன். என் வாயால் வந்ததுதான் எல்லாமே.

நம் தெருவில் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். துணி காயப்போடுகிற கொடியை விடத் தாழ்வாக இன்டர்நெட் ஒயர், கட்டுக் கட்டாக. பிரிசில்லா நாலாவது வீட்டைத் தாண்டும்போது பைப்பின் நுனி ஒயரில் மாட்டியது. அவள் சைக்கிளை விட்டுக் காலை ஊன்றிவிட்டாள், முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. ஒயர் அறுந்துபோய் பாம்பு மாதிரி விழுந்தது.  பதினோரு வீட்டுக் கதவு திறந்தது. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கியும் அரை டிராயரும், இத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாடி வீட்டு ஷ்ரேயாஸ் லேப்டாப்பைத் தட்டில் சோறு ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு இறங்கி வந்தான்.

"ஆன்ட்டி, நான் மீட்டிங்ல பாதிப் பேச்சுல இருந்தேன்."

"சாமி காரியம் தம்பி, கோவிச்சுக்காதே."

"சரி ஆன்ட்டி. எந்த சாமி வந்து என் மேனேஜர்கிட்ட சொல்லும்?"

அப்போது பிரிசில்லா பைப்பைக் கழற்றினாள், உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. பைப்பைச் சாய்த்தாள். ஏழு துண்டு. நான் நடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த வேண்டுதல், நாலு வீடு தாண்டவில்லை.

"உடைஞ்சா என்ன பாட்டி, மாதாவுக்குத் தெரியாதா?" என்றாள் பிரிசில்லா.

மாதாவுக்குத் தெரியும். அதனால்தானே பயம். அப்பாதுரையிடம் ஓடினேன். திருவிழா ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, செப்டம்பர் எட்டு கழிந்துதான் ஆள் உயர அச்சு காலியாகும் என்று கையை விரித்தார். வேறு இடத்தில் விசாரித்தேன், எல்லா இடத்திலும் முழம் கணக்குத்தான்.

இதற்கு மேல் ஒரு அவமானம் பாக்கி இருந்தது, அது நேற்று வந்தது. உன் சித்தி டோரீன், என் ஓரகத்தி, அடுத்த தெருவில் இருக்கிறாளே, அவள் மகன்தான் ஒவ்வொரு வருஷமும் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு டெம்போ ஓட்டிப் போகிறான். அவள் நம் வாசலில் நின்று சொல்கிறாள், "ஏன் அக்கா இத்தனை பாடு? மூட்டையைத் தூக்கி நம்ம டெம்போவுல போடு. பொண்ணு வெறுங்கையோட மிதிச்சுக்கிட்டு வரட்டும். எல்லாருமே அப்படித்தான் போறாங்க." எல்லாரும் போகலாம். எல்லாருக்கும் நான் வேண்டவில்லை. தானே சுமந்து வரும் என்று சொன்னேனே தவிர, டோரீன் மகன் சுமந்து வருவான் என்று சொல்லவில்லை. அதோடு இவளிடம் நான் உதவி கேட்கவா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று, கோலாரில் உனக்குப் புது நன்மை, முதல் நற்கருணை, கொடுத்த அன்றைக்கு, மைன்ஸ் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, என் பிரியாணியில் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, "அரிசி கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு" என்று சொன்னவள். நாற்பத்து நாலு வருஷமாக அவள் வாசற்படியை நான் மிதித்ததில்லை, இனியும் மிதிக்கப்போவதில்லை. வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஆகவே மகனே, நான் தோற்றுவிட்டேன். உடைந்த மெழுகுவர்த்தியைக் கொண்டுபோனால் வேண்டுதலைக் கேலி செய்வதாகும், மெழுகுவர்த்தி இல்லாமல் போனால் பிக்னிக் போவதாகும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலைப் பூசை முடிந்து எல்லோரும் புறப்படுகிறார்கள், பிரிசில்லா போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டிச் சாவியை என் ஜெபமாலைப் பையில் போட்டிருக்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் கம்பெனிக்காரனிடம் பேசி அயர்லாந்தை ஒரு வருஷம் தள்ளிப்போடு. ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவதில் உன்னை மிஞ்ச இந்தக் குடும்பத்தில் ஆளில்லை, அந்தத் திறமையை ஒரு தடவையாவது நல்லதுக்குப் பயன்படுத்து. அடுத்த ஆகஸ்டுக்குள் நான் போய்விட்டால், மெழுகுவர்த்தியை எப்படிக் கொண்டுபோவது என்று நீயே சேஷகிரியிடம் கேட்டுக்கொள். நான் படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டேன்.

உன் சர்க்கரை இறங்கட்டும், உன் சம்பளம் ஏறட்டும், இரண்டும் இடம் மாறாமல் சர்வேசுரன் பார்த்துக்கொள்ளட்டும். டோரதிக்கு என் ஆசீர்வாதம் குறைவில்லாமல் உண்டு, போன ஈஸ்டருக்கு அவள் எனக்குப் போன் செய்யாததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதை மறக்காத,
அம்மா ஞானம்மாள்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. சோற்றுப் பசை வைத்து ஒட்டின கவரைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அவசரம்.

நேற்று மத்தியானம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது, "பாட்டி, கொஞ்சம் திரும்பு" என்றாள் பிரிசில்லா. திரும்பினேன். கட்டில் மேல் ஏறி நிற்கிறாள். உச்சந்தலையில் மெழுகுவர்த்தியின் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறாள். ஏழு துண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்குகிறது, கடைசித் துண்டு குதிகாலைத் தொடுகிறது. துண்டுதான் ஏழு, திரி அறுபடவே இல்லை. நான் அழுத அழுகையில் ஒரு வாரமாக அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. "உன் நூல்தானே பாட்டி உள்ள இருக்கு. அளந்து பாரு" என்றாள். அளந்தேன். ஐந்தடி ஏழரை. உடைந்த இடங்களில் மெழுகைக் கத்தியால் கொஞ்சம் சீவித் திரிக்கு இடம் விட்டு, தச்சன் மடக்குக் கோலை மடக்குகிற மாதிரி மடக்கினாள். சீவிய தூளைக் கூட ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டாள், அங்கே போய்க் கத்தியைச் சுட வைத்து எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று அப்பாதுரையும் போனில் சொன்னார். அந்தக் குளவி வால் பைக்குள் அது அப்படியே போய் உட்கார்ந்தது. சேஷகிரி தராசோடு வந்தார். மெழுகுவர்த்தி, டியூப், பம்பு, ஸ்பானர், சரியாக இரண்டு கிலோ. "இதுக்கு மேல ஒரு கர்சீப் வெச்சாக்கூட வால் ஆடும்மா" என்றார்.

"உன் துணிக்கு என்னடி பண்ணுவே?" என்று கேட்டேன்.

"மேல ஒண்ணு போட்டிருக்கேன் இல்ல? தினம் துவைச்சுப் போட்டுக்கறேன்."

"பல்லு?"

"விரல் இருக்கு பாட்டி."

மூன்று வாரம் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த சாமான் எல்லாம் கட்டில் மேல் கிடக்கிறது, பாதி பிரஷ் உட்பட. சாவியை எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கு பூசை முடிந்து புறப்பட்டாள். தெரு முனை வரைக்கும் போய் நின்றேன். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். ஒன்று இறங்கும்போது ஒன்று ஏறியது. திருப்பம் வரைக்கும் அப்படியே போனது. 

பிள்ளை நாலு நாளும் ஒரே துணியோடு இருக்கக் கூடாது. அவள் சுமப்பாள் என்று நான் மாதாவிடம் சொன்னது மெழுகுவர்த்தியைத்தான், நிக்கரை இல்லை. அதனால் அவள் சாமானையும் என் பதினோரு கிலோவையும் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன். டோரீன் கதவைத் திறந்தாள்.

"என்ன அக்கா?"

"இதை டெம்போவுல போடு."

"போடறேன். நீ?"

"நானும்தான்."

அவள் மூட்டையை வாங்கிக்கொண்டாள். ஆகவே அயர்லாந்தைத் தள்ளிப்போடாதே. நீயும் லீவு போட்டு வராதே. மேலே எழுதியதில் உன்னைப் பற்றி உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு. வீட்டுச் சாவி சந்திரம்மாவிடம் இருக்கிறது, இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏறப்போகிறேன்.

ஹாரன் அடிக்கிறார்கள். டெம்போவின் முன் சீட்டில் மூன்று பேர். ஓரத்தில் உட்காராவிட்டால் எனக்கு வாந்தி வரும், இது பெற்ற பிள்ளை உனக்கே தெரியாது, நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. டோரீன் எனக்கு முன்னால் ஏறி, முட்டி இடிக்கிற நடு இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் ஓரத்தைத் துடைத்து விட்டிருக்கிறாள். இதையும் நான் மறக்கப் போவதில்லை.